தென்கோடிக் கடலில் புதுத்தண்ணீர்

புறப்பட்ட நாள், காலை ஆறு மணி. திருக்காட்டுப்பள்ளியில் திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் போகும் பேருந்தில் ஏறினேன். முப்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும், டிக்கெட் இருபத்து நான்கு ரூபாய். கார்த்திகை மாதம். காவிரி கரை தொட்டு ஓடியது, சம்பாப் பயிர் முழங்கால் உயரம் நின்றது. என் பையில் இரண்டு ஜோடி கம்பளி உள்ளாடை, ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய், அம்மா பழைய கைக்குட்டையில் முடிந்து கொடுத்த ஒரு கைப்பிடி நெல்.

நான் போய்க்கொண்டிருந்தது தென்துருவப் பனிக்கண்டத்துக்கு. ஊரில் யாரும் நம்பவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். துபாய், சிங்கப்பூர், மஸ்கட் என்றால் எல்லோருக்கும் புரியும். பனிக்கட்டி மட்டும் இருக்கிற தேசத்தில் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கடைத்தெருவில் கேட்டார்கள். சென்னையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் கடலடிச் சேற்றைச் சலித்து, அதில் இருக்கும் புழு, சிப்பி, நட்சத்திரமீன் எல்லாவற்றையும் பொறுக்கிப் பிரித்து வைப்பதுதான் என் வேலை. அந்தக் கைப்பழக்கத்துக்காகத்தான் அந்தப் பக்கத்துக் கோடை ஒன்றுக்கு, நம் கார்த்திகை முதல் மாசி வரை, என்னை அழைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அதைச் சொன்னபோது தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"நாந்தான் பத்து வயசுலேருந்து ஊரான் வயல்ல நாத்துப் பறிச்சேன். நீ சேத்துல எறங்கக் கூடாதுன்னு காலேஜிக்கு அனுப்புனா, சேத்தத் தேடிக்கிட்டு ஒலகத்து மூலைக்குப் போறியேடி!"

எங்களுக்கு இப்போது சொந்தமாக ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர், நிலம் இருக்கிறது. அதை வாங்குவதற்கு முன்பு அப்பா ஊர் நிலங்களுக்கெல்லாம் வாய்க்காலில் தண்ணீர் திருப்பிவிடும் வேலை பார்த்தவர். பேருந்து கிளம்பும்போது ஜன்னல் பக்கம் வந்து, "அங்க தண்ணி எப்புடின்னு பாத்துட்டு வந்து சொல்லு" என்றார். அவருக்கு உலகத்தில் பார்க்க வேண்டியது அது ஒன்றுதான்.

நெல்லை ஏன் கொடுத்தாள் என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ஆற்றில் புதுத்தண்ணீர் வரும்போது கரையில் நின்று ஒரு கைப்பிடி நெல்லும் பூவும் போட்டுக் கும்பிடுவோம். "புதுக் கடலு. போட்டுட்டு வேலைய ஆரம்பி" என்று அம்மா சொல்லியிருந்தாள்.

ஐந்தாம் நாள், பகல் பதினொரு மணி. மூன்று விமானம் மாறி, சிலி நாட்டின் தெற்கு நுனியில் இருக்கும் புன்டா அரீனஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். தலையில் தொப்பி நிற்காத அளவுக்குக் காற்று. துறைமுகத்தருகே ஒரு காப்பி இரண்டாயிரம் பேசோ, நம் கணக்கில் ஏறக்குறைய இருநூறு ரூபாய். பாதியை வைத்துவிட்டு வர மனமில்லாமல், அடிவண்டல் வரைக்கும் குடித்தேன்.

கப்பலில் ஏற்றுவதற்கு முன் ஒரு அம்மணி என் உடைகளையும் பைகளையும் தூசி உறிஞ்சும் இயந்திரத்தால் மூலைமுடுக்கு விடாமல் சுத்தம் செய்தாள். வெளி விதை ஒன்றுகூட அந்த மண்ணில் விழக் கூடாது என்பது சட்டம். கைக்குட்டை முடிச்சைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நெல் முழுவதையும் ஒரு உறையில் போட்டு ஒட்டினாள். பிறகு கால்சட்டை மடிப்பிலிருந்து இன்னும் ஏழு நெல்லை இடுக்கியால் எடுத்தாள். என் பின்னால் வரிசையில் நின்ற ஒருவர் சிரித்தார்.

"சம்பாவா, குறுவையா தங்கச்சி?"

எனக்கு மயக்கமே வந்துவிட்டது. ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் வெள்ளிச் சிலுவை. பெயர் ஆரோக்கியசாமி. சொந்த ஊர் வலங்கைமான் பக்கம் ஒரு கிராமம். சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் பதினான்கு வருஷம், பிறகு கப்பல் கப்பலாக மாறி, இப்போது துருவ நிலையத்தில் படகும் பளுத்தூக்கியும் ஓட்டுகிறவர். "எங்க ஊர்லேருந்து நாந்தான் கடைசி தெக்குன்னு நெனச்சேன். நீ போட்டிக்கு வந்துட்டியே" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் எனக்கு அண்ணன்.

அங்கிருந்து நிலையத்துக்கு நேர்க்கோட்டில் ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் என்றார்கள். கப்பல் நேர்க்கோட்டில் போகவில்லை, நானும் நேராக நிற்கவில்லை. நான்கு நாள் குடல் வாய்க்கு வந்தது. ஊறுகாய் இல்லையென்றால் இந்தக் கட்டுரை இல்லை.

பத்தாம் நாள், காலை ஒன்பது மணி. நிலையம் ஒரு சின்னக் குடாவின் கரையில் இருக்கிறது. மூன்று பக்கம் மலை, ஒரு பக்கம் கடலுக்கு வாய். குடாவின் உள்மூலையில் பனியாறு ஒன்று கடலில் வந்து முடிகிறது. முன்பு அந்தப் பனி குடாவின் பாதி வரைக்கும் நின்றதாம். இப்போது மேலே ஏறிப் போய்விட்டது. அது விட்டுப்போன இடத்தில் கறுப்புப் பாறை புதிதாக வெளியே தெரிகிறது.

மார்த்தா எங்கள் குழுவின் தலைவி. அறுபதை நெருங்கும் சிலி நாட்டுப் பெண், முனைவர் என்பதால் எங்களுக்கு டாக்டரம்மா. உறைநீரில் முக்குளித்து முக்குளித்துக் காது பாதி மந்தம். முதல் நாளே என்னைத் தொட்டிகளிடம் கூட்டிப் போனாள். உள்ளே நாற்பத்தெட்டு உயிர்கள். பார்ப்பதற்குக் கொல்லன் பட்டறைத் துருத்தி மாதிரி, மங்கலான மஞ்சள் பை, மேலே இரண்டு வாய். ஒரு வாயால் கடல்நீரை இழுத்து, அதில் இருக்கும் நுண்ணிய உணவை வடிகட்டிக்கொண்டு, மறு வாயால் வெளியே விடும். கடலடிப் பாறையில் ஒட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்கச் செய்வது இதுதான். தொட்டால் நம் முகத்தில் தண்ணீரைப் பீய்ச்சும். ஆரோக்கியண்ணனும் நானும் அதற்குத் துருத்தி என்றே பெயர் வைத்தோம்.

"இந்தக் குடாவின் தரை முழுக்க இவை நின்றதை நான் பார்த்திருக்கிறேன்" என்றாள் மார்த்தா. "இப்போது உள்பக்கத்தில் அநேகமாக ஒன்றுமில்லை. உலகம் சூடாகிறது, பனி உருகுகிறது. உருகும் நீர் இவற்றைக் கொல்கிறது."

அழிந்துகொண்டிருந்த கூட்டத்திலிருந்து போன கோடையில் அவள் எடுத்து வந்து, குளிர்காலம் முழுக்கத் தொட்டியில் பிழைக்க வைத்தவை அந்த நாற்பத்தெட்டும். தட்டுக்குப் பன்னிரண்டாக நான்கு தட்டில் அவற்றைக் கட்டி, மறுபடி கடலடியில் வைத்துப் பிழைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிழைத்தால் இந்த இனத்தை இடம் மாற்றிக் காப்பாற்றலாம் என்று சொல்லலாம். செத்தால் இன்னொரு முறை எடுக்க அனுமதி கிடைக்காது. எடுப்பதற்கும் அங்கே மிச்சம் கிடையாது.

முப்பத்து நான்காம் நாள், காலை எட்டு மணி. அன்று இரண்டு கெட்ட காரியம் சேர்ந்து நடந்தது. மார்த்தாவுக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, நிலைய மருத்துவர் அதைப் பிடுங்கிப் படுக்க வைத்துவிட்டார். தொட்டிக்குக் கடல்நீர் ஏற்றும் மோட்டாரும் நின்றது. துருத்திகளுக்கு ஓடும் தண்ணீர் வேண்டும், மதியத்துக்குள் கடலில் இறக்கியாக வேண்டும். மார்த்தா அடையாளம் வைத்திருந்த குடாவாயில் பனிப்பாளங்கள் அடைத்துக் கிடந்தன. அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "பத்தொன்பது மீட்டர் ஆழம். உணவு நன்றாக வரும் இடமாகப் பார். இடத்தை நீயே தேர்ந்தெடு, மலர்."

பெருமையில் எனக்குக் கால் தரையில் படவில்லை.

அண்ணன் படகை உள்பக்கம் திருப்பினார். கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர், உள்ளே ஒன்றுமே இல்லாத தண்ணீர். ஒரு வளைவு திரும்பினோம். பனியாற்றின் அடியிலிருந்து ஒரு ஓடை பிறந்து கடலில் விழுந்துகொண்டிருந்தது. அது விழுந்த இடத்திலிருந்து பழுப்புநிறத் தண்ணீர் பாய் விரித்த மாதிரிப் பரவி வந்தது. இருவரும் ஒரே சமயத்தில் சொன்னோம்.

"புதுத்தண்ணி!"

அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டார். ஒரு மாதமாக நீலமும் வெள்ளையும் மட்டும் பார்த்த கண்ணுக்கு அந்த நிறம் எப்படி இருந்தது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, நுரையும் சருகுமாகக் கலங்கி வரும் அந்த முதல் தண்ணீரின் நிறம் அச்சாக அதுதான். தெளிந்த தண்ணீர் வந்தால் எங்கள் ஊரில் முகம் சுளிப்பார்கள். கலங்கி வந்தால்தான் வண்டல், வண்டல்தான் உரம். அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார். நான் கையுறையைக் கழற்றி ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். விரல் பத்து நிமிஷம் செத்துப்போனது. போடுவதற்கு நெல்தான் இல்லை.

"உணவு வர்ற எடம்னாங்கல்ல டாக்டரம்மா? இதவிட எங்கண்ணே வரும்?" என்றேன்.

"சத்துன்னா இது சத்து. எறக்கிப்புடுவோம்" என்றார்.

மூன்று தட்டு சமமாகத் தரையில் உட்கார்ந்தன. நான்காவது இறங்கும்போது கயிறு வழுக்கியது. "எதுலயோ முட்டிக்கிட்டு சாஞ்சி நிக்கிது தங்கச்சி. தூக்கி மறுபடி வைக்கவா?" என்றார். என் விரல்களில் உணர்வு இல்லை. கெடக்கட்டும் விடுங்கண்ணே என்றேன்.

அன்று பகல் இரண்டு மணிக்கு மார்த்தாவிடம் போய், பரிசு வாங்கப் போகிறவள் மாதிரி நின்று சொன்னேன். அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். எழுந்து, நான் சாம்பிளுக்குக் கொண்டுவந்திருந்த பழுப்புத் தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி மேசைமேல் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அடியில் சாம்பல்நிற மாவு படிந்தது. அதை விரலில் தொட்டு என் உள்ளங்கையில் தேய்த்தாள். நறநறவென்றது.

"பனி பாறைமேல் நகர்ந்து அரைத்த கல்மாவு இது. இதில் இலை இல்லை, சாணம் இல்லை, ஒருகாலத்திலும் உயிராக இருந்த எதுவும் இல்லை. துருத்திக்கு உணவு எது, கல் எது என்று பிரிக்கத் தெரியாது. வடிகட்டி வடிகட்டி மூச்சடைத்துப் பட்டினியில் சாகும். உருகும் நீர் கொல்கிறது என்று நான் சொன்னது இதைத்தான்."

நான் படித்தவள். பனியாற்றுச் சேறு கடலடி உயிர்களை மூடுகிறது என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரிதான். புத்தகத்தில் படித்தது தலையில் இருந்தது, ஊரில் கற்றது கண்ணில் இருந்தது. படகில் கண் ஜெயித்துவிட்டது.

உடனே போய் எடுத்துவிடலாம் என்று ஓடினோம். அதற்குள் பனியாற்றின் முகப்பு இடிந்து, குடா முழுக்கக் கட்டிகள் நிறைந்துவிட்டன. படகு நுழைய ஒரு முழம் வழியில்லை.

முப்பத்து நான்கிலிருந்து நாற்பத்து மூன்று வரை, ஒன்பது நாள். ஜன்னலில் பனி, மனதில் சேறு. பழைய சேற்று மூட்டைகளைச் சலித்துக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் அந்தக் கடல் குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும், பனிமலைகள் அசையாமல் நிற்கும். இப்போது உறைவது குறைந்ததால் அவை அலைந்து திரிந்து, அடித்தரையை உழுத மாதிரிச் சுரண்டிவிட்டுப் போகின்றன என்று மார்த்தா சொன்னாள். ஒரு பக்கம் உழவு, ஒரு பக்கம் வண்டல், இரண்டும் சாவு. எங்கள் ஊரின் மங்கல வார்த்தைகள் எல்லாம் அங்கே தலைகீழாக நின்றன.

பதிவேட்டில் தட்டு இறக்கிய நாளின் வேலையை எழுத வேண்டியிருந்தது. அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"படகு அங்கதான் போவ முடிஞ்சிதுன்னு எழுதிப்புடு. ஐஸ் மேல பழியப் போடு. ஐஸ் வந்து ஏன்னு கேக்கப் போவுதா? அடுத்த வருஷம் ஒன்னயக் கூப்புடணுமா இல்லியா?"

ஆசையாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் வர வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. ஆனால் நாளைக்கு யாரோ ஒருத்தி அந்தப் பக்கத்தைப் புரட்டி, பனிதான் காரணம் என்று நம்பி, அதே கலங்கலில் இன்னொரு தட்டை இறக்குவாள். "இடத்தைத் தேர்ந்தது நான். கலங்கிய நீரில் உணவு இருக்கும் என்று நினைத்தேன்" என்று எழுதினேன். நான்காவது தட்டு சாய்ந்து இறங்கியது, சோம்பலில் சரிசெய்யவில்லை என்பதையும் எழுதினேன். செய்த தப்பை அரைகுறையாக ஒப்புக்கொள்வது இன்னும் கேவலம்.

அண்ணன் எட்டிப் படித்துவிட்டுப் பேனாவை வாங்கி, கீழே தானும் பெயர் எழுதினார். "ரெண்டு பேருந்தான கத்துனோம் புதுத்தண்ணின்னு" என்றார்.

நாற்பத்து மூன்றாம் நாள், காலை பத்து மணி. காற்று திசை மாறிப் பனியைக் கடலுக்குத் தள்ளியது. மூவரும் போனோம். பல் பிடுங்கிய புண் ஆறாததால் மார்த்தாவால் முக்குளிக்க முடியவில்லை, படகிலிருந்தே பார்த்தாள். முதல் தட்டு மேலே வந்தது. ஒரு விரற்கடை சாம்பல் சேறு. கழுவினோம், பைகள் தொய்ந்து கிடந்தன. ஒன்றுதான் சுருங்கி அசைந்தது. இரண்டாவதில் இரண்டு. மூன்றாவதில் இரண்டு. முப்பத்தாறில் ஐந்து. நான் அழுதுகொண்டே எண்ணினேன், மறைக்கவில்லை.

நான்காவது கயிற்றை அண்ணன் இழுத்தார். தட்டு செங்குத்தாக மேலே வந்தது. சேறே இல்லை. அண்ணன் குனிந்து ஒன்றைத் தொட்டார். சளாரென்று அவர் முகத்தில் தண்ணீர்.

"உசிரோட இருக்கு! உசிரோட இருக்குங்க டாக்டரம்மா!" என்று தமிழிலேயே கத்தினார். பன்னிரண்டில் பதினொன்று.

நிலையத்துக்குத் திரும்பியதும் மார்த்தா பதிவேட்டைப் புரட்டினாள். "சாய்ந்து இறங்கியது" என்ற வரியில் விரலை வைத்து என்னைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. வயலில் வண்டல் தங்கும், வரப்புச் சரிவில் தங்காது. வரப்பில் உளுந்து ஊன்றுகிற வீட்டில் பிறந்தவள் நான், எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வரப்பு என்பதை ஆங்கிலத்தில் சொல்லத் தெரியாமல், மேசைமேல் அந்தக் கல்மாவில் ஒரு வயலும் வரப்பும் செய்து அவளுக்குக் காட்டினேன். அவள் பல்வலியை மறந்து சிரித்தாள்.

அடுத்த வாரம் வேறு இருவர் முக்குளித்து, பனி புதிதாக விட்டுப்போன செங்குத்துப் பாறையைப் பார்த்து வந்தார்கள். கலங்கலுக்கு நடுவிலேயே, சரிவான முகத்தில், மிளகு அளவுத் துருத்திக் குஞ்சுகள் தாமாக ஒட்டியிருந்தன. கீழே சேற்றுத் தரையிலும் சின்னச் சிப்பிகளும் புழுக்களும் குடியேறத் தொடங்கியிருந்தன. எங்களுடைய பதினாறையும் சாய்தட்டில் கட்டி அந்தப் பாறையிலேயே பொருத்தினோம்.

"சூடு ஏறுவது நிற்காவிட்டால் இதெல்லாம் போதாது" என்றாள் மார்த்தா. "ஆனால் எங்கே பிழைக்கும் என்று தெரிந்தால், அந்த இடங்களையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கேட்கலாம். போன வருஷம் என்னிடம் அந்தப் பதில்கூட இல்லை."

தொண்ணூற்றாறாம் நாள் கப்பல் ஏறினோம். அண்ணன் புன்டா அரீனஸில் வேறு கப்பலுக்கு மாறினார். வலங்கைமானில் அவர் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு சாக்லேட் டப்பாவும், சிப்பி ஒன்றும் கொண்டுவர விடமாட்டார்கள் என்ற விளக்கமும் என்னிடம் தந்தார். அந்த அம்மணி என் நெல் உறையைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள்.

ஆனி மாதம், ஊரில், மாலை நாலு மணி. இந்தக் கட்டுரையின் கடைசிப் பயணம் வீட்டிலிருந்து குடமுருட்டிக் கரை வரைக்கும், முக்கால் கிலோமீட்டர், செலவில்லை. தண்ணீர் வருகிறது என்று தெருவே திரண்டு போனது. வறண்ட மணலில் முதலில் ஒரு நாக்கு நீண்டது. பின்னாலேயே நுரையும் சருகுமாகக் கலங்கல். நான் தம்ளரில் மொண்டு கரையில் வைத்துப் படிய விட்டேன். விரலில் தேய்த்துப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி வழுக்கியது. வாழ்நாளில் முதல்முறையாக அதை நான் சோதித்துப் பார்த்தேன்.

அப்பாவிடம் அதுவரை தப்பைச் சொல்லவில்லை. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஒனக்கு வேற எப்புடித் தோணும்?" என்றார் அவர். தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "அப்ப அங்கயும் வரப்புதான் காப்பாத்துதா?" என்று கேட்டார்.

அன்று காலைதான் மார்த்தாவின் கடிதம் கணினியில் வந்திருந்தது. அங்கே இப்போது குளிர்காலம், நிலையத்தில் தங்கியவர்கள் பனியில் துளையிட்டு இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். பதினாறில் பதினான்கு உயிரோடு. தட்டின் பின்பக்கம் புதிதாக நான்கு குஞ்சுகள். கடைசி வரியில், வரும் கோடைக்கு எல்லாத் தட்டும் சாய்வாகத்தான், இடம் பார்க்க நீ வர வேண்டும் என்று எழுதியிருந்தாள். அதையும் சொன்னேன்.

அம்மா பூவையும் நெல்லையும் போட்டுக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள்.

"அங்க போடாம திருப்பிக் கொண்டாந்தியே, அந்த நெல்ல எடு."

"அது அந்தக் கடலுக்குன்னு கொடுத்ததும்மா."

"இது எங்க போவுதுன்னு நெனச்ச?" என்று, உறையைப் பிரித்து ஒரு கைப்பிடி நெல்லையும் ஆற்றில் போட்டாள். கலங்கல் அதை எடுத்துக்கொண்டு கிழக்கே போனது. கார்த்திகைக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. நான் தம்ளரைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.